இருவருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால்

கடலை ஒட்டிய காட்டுக்குள் ஒரு மரக்குடில், இரண்டு நாள் விடுமுறை, கூட மனசுக்குப் பிடித்தவர். இப்படிப் போய் வருவது எந்த ஜோடிக்கும் நல்லது என்று நினைக்கிறவன் நான். போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவன் என்பதால், கிளம்புகிறவர்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. அந்தக் குடிலில் குளிருக்கு மூட்டும் நெருப்பைக் கவனியுங்கள். தீப்பிடிக்கும் என்பதற்காக இல்லை. அடங்கி ஒடுங்கி, அழகாக எரிந்துகொண்டிருக்கும் நெருப்பிலிருந்தே கார்பன் மோனாக்சைடு வரும்.

காட்டுக்குப் போகிறவர்கள் பாம்பைப் பற்றிக் கேட்கிறார்கள், உண்ணி கடித்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள், கடலில் இழுப்பு அதிகமா என்று விசாரிக்கிறார்கள். எல்லாம் கேட்க வேண்டியவைதான். அவற்றையெல்லாம் கண்ணால் பார்க்கலாம், உடம்பால் உணரலாம். இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, மூச்சில் போனால் இருமல்கூட வராது. அதனாலேயே யாரும் இதைப் பற்றிக் கேட்பதில்லை.

விறகோ கரியோ கேஸோ, எதுவானாலும் போதிய காற்று இல்லாமல் அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை எளிதில் விடாது. ஹீமோகுளோபினில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் திசுக்களுக்குச் சரியாக இறங்காது. முதலில் அடி வாங்குவது மூளையும் இதயமும்தான்.

இதில் கடலோரக் குடிலுக்கென்றே சில சங்கடங்கள் உண்டு. வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு என்பதால் புகைபோக்கிக்குள் பறவை கூடு கட்டியிருக்கும், சருகு அடைந்திருக்கும். உப்புக் காற்றில் மேல்மூடி துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். கடலிலிருந்து காற்று பலமாக அடிக்கும்போது மேலே போக வேண்டிய புகை உள்ளேயே திரும்பும். நெருப்பு மூட்டியதும் அறைக்குள் புகை வந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுத் தொடர்ந்து எரிக்க வேண்டாம். அணைத்துவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள்.

புகையே வராவிட்டால் ஆபத்து இல்லை என்றும் நினைக்கக் கூடாது. விறகு கொழுந்துவிட்டு எரிவதை விட, தணலாகக் கனன்றுகொண்டிருக்கும் நேரத்தில்தான் இந்த வாயு அதிகம் வரும். படுக்கப் போகிறவர்கள், "சூடு வெளியே போயிட வேண்டாமே" என்று புகைபோக்கியின் தகட்டை அப்போதுதான் மூடுவார்கள். தணல் முழுக்க ஆறிச் சாம்பலாகும் வரை அந்தத் தகடு திறந்தே இருக்க வேண்டும். வெளியே மீன் சுட்ட கரி அடுப்பைக் கதகதப்புக்காக உள்ளே தூக்கி வருவது இன்னும் மோசம். புகையில்லாத கரித் தணல் அணைந்ததுபோலத் தெரிந்தாலும் மணிக்கணக்கில் வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓட்ட வேண்டி வந்தால், வாசலுக்கும் ஜன்னலுக்கும் குறைந்தது 6 மீட்டர் தள்ளி, திறந்த வெளியில் ஓடட்டும். மழைக்காகத் திண்ணைக்குக் கொண்டு வராதீர்கள்.

குளியலறையையும் பார்க்க வேண்டும். சின்ன அறை, சுவரில் கேஸ் வாட்டர் ஹீட்டர், குளிருக்குப் பயந்து இறுக்கிச் சாத்திய ஜன்னல், நீண்ட நேரம் ஓடும் சுடுநீர். குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை, கதவை உடைத்துத் தூக்கி வந்தோம் என்று கொண்டுவருகிறார்கள். கேஸ் சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடினாலோ, ஹீட்டரைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ அதை ஏற்றவே வேண்டாம்.

எங்களிடம் வருகிற ஜோடிகளில் பெரும்பாலோர் ஒன்றுபோலவே பேசுகிறார்கள். "நேத்து ராத்திரி ஒயின் கொஞ்சம் கூடிப்போச்சு டாக்டர்." "வண்டியில ரொம்ப தூரம் வந்த அலுப்பு." "சாப்பாடு ஒத்துக்கலை போல." தலைபாரம், குமட்டல், கிறுகிறுப்பு, கை கால் சோர்வு என்று எல்லாவற்றுக்கும் அந்த வார இறுதியிலேயே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. ஒருமுறை ஒரு பெண் சொன்னார், தனக்கு முந்தின நாள் சாயங்காலமே தலை வலித்தது, ஆனால் அவர் ஆசையாக ஏற்பாடு செய்த பயணமாயிற்றே என்று சொல்லவில்லையாம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த கணவரும் அதே காரணத்துக்காகத் தன் தலைவலியை மறைத்திருந்தார். ஒருவர் சொல்லியிருந்தால் மற்றவரும் சொல்லியிருப்பார், இருவரும் இரவே வெளியே வந்திருப்பார்கள். இந்த விஷத்தைப் பொறுத்தவரை அன்பால் செய்யும் இந்த மறைப்பு எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லி மாளாது.

இது இன்று நேற்று நடப்பதும் இல்லை. 1902 செப்டம்பரில் பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஜோலாவும் மனைவி அலெக்ஸாந்த்ரினும் கோடைகால வீட்டிலிருந்து பாரிஸுக்குத் திரும்பினார்கள். படுக்கையறைக் கணப்பில் நெருப்பு, மேலே அடைபட்ட புகைபோக்கி. நடு ராத்திரியில் இருவருக்குமே உடம்பு சரியில்லை. பணியாளர்களை எழுப்ப வேண்டாம், காலையில் சரியாகிவிடும் என்று ஜோலா சொன்னதாக அவர் மனைவி பின்னர் தெரிவித்தார். அந்த அம்மையார் பிழைத்துக்கொண்டார். ஜோலா பிழைக்கவில்லை.

ஆகவே ஒரே கூரையின் கீழ் இருக்கும் இருவருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்தால், காய்ச்சல் இல்லாமல் குமட்டினால், கூட்டிவந்த நாயும் சுருண்டு படுத்தால், வேறு காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். இரண்டு பேரும் உடனே வெளியே போங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துத் தூங்கினால் மறுபடி எழாமலே போகலாம். அப்புறம் அவசர உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். போர்வை எடுக்க, சாவி எடுக்க என்று திரும்ப உள்ளே போகாதீர்கள். வெளியே வந்ததும் தலை தெளிந்தாற்போல் இருந்தால், அது குடிலில் ஏதோ கோளாறு என்பதற்கான இன்னொரு அடையாளம். அப்போதும் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

வந்ததும் "நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நம்ப முடியாது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும் கார்பன் மோனாக்சைடைச் சுமப்பதையும் அந்தக் கருவிக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நோயாளி மயங்கிக்கொண்டிருக்கும்போதும் 98, 99 என்று காட்டும். ரத்தத்தை எடுத்து, இரண்டையும் பிரித்துக் காட்டும் கோ-ஆக்சிமீட்டர் கருவியில் பார்த்தால்தான் உண்மை தெரியும். சாதாரணக் காற்றை மட்டும் சுவாசித்தால் உடம்பில் ஏறிய வாயு பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் 60 முதல் 90 நிமிடத்தில் குறையும். காற்றாட நடந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

அறையைப் பதிவு செய்யும்போதே, கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். புகை அலாரம் இருக்கிறது என்று பதில் வந்தால் அது வேறு சாதனம், இந்த வாயு அதில் தெரியாது. பேட்டரியில் ஓடும் சின்ன அலாரம் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போவது நல்லது. படுக்கையறையில், படுத்தால் தலை இருக்கும் உயரத்தில் வையுங்கள். ஐரோப்பியத் தரநிலைப்படி செய்த அலாரம், பத்து லட்சம் பங்கு காற்றில் இந்த வாயு 300 பங்கு ஆனால் 3 நிமிடத்துக்குள் கத்த வேண்டும். 50 பங்குதான் என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்துத்தான் கத்தும். அதனால் அது சும்மா இருக்கிறதே என்று தலைவலியை அலட்சியம் செய்ய வேண்டாம். அலாரத்தின் உணரி சில வருடங்களில் செயலிழந்துவிடும் என்பதால், பின்பக்கம் அச்சிட்ட காலாவதித் தேதியைப் பாருங்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குழந்தை பிறக்கும் முன் இருவராக ஒருமுறை போய் வரலாம் என்று கிளம்புகிறவர்கள் நிறைய. தாயின் ரத்தத்தில் இருப்பதை விட கருவின் ரத்தத்தில் இந்த வாயு அதிகமாக ஏறும், இறங்குவதும் மெதுவாகத்தான். அம்மா தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தாலும் நாங்கள் நீண்ட நேரம் ஆக்சிஜன் கொடுப்போம், தேவைப்பட்டால் உயர் அழுத்த ஆக்சிஜன் அறை இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்புவோம். "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று சொல்லி எழுந்து போய்விடாதீர்கள்.

வீடு திரும்பிய பிறகும் சில வாரங்களுக்கு ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளுங்கள். முழுக்கக் குணமானதுபோல் தெரிந்தவர்களுக்குக்கூட, சில நாளிலோ சில வாரத்திலோ மறதி, காரணமில்லாத எரிச்சல், நடையில் தடுமாற்றம் என்று வரலாம். வேலைப்பளு என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் அந்த வார இறுதியில் குடிலில் எரிந்த அடுப்பைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள்.