விருதைத் தேய்த்துக் கெடுக்காதீர்கள்

அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக் என்பவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரணித் தடுப்பைப் பிளந்து ஓடுகிறவர். அடி அதிகம், ஆடும் காலம் குறைவு. விருதுகளோ அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அலமாரியில் இருக்கும். அங்கேதான் கேடு தொடங்குகிறது.

கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹைஸ்மன் கோப்பையை எடுத்துக்கொள்வோம். பந்தோடு ஓடும் வீரர் ஒரு கையை நீட்டி எதிராளியைத் தள்ளும் வெண்கலச் சிலை அது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் வழக்கத்தில் இதையும் பாலிஷ் போட்டுப் பளபளக்கச் செய்துவிடுகிறார்கள். போவது அழுக்கு மட்டுமல்ல, வார்ப்புப் பட்டறையில் வேதிப்பொருளால் ஏற்றிய பழுப்பு மேல்நிறமும்தான். மறுபடி நிறம் ஏற்றினால் அது புது வேலை. ஏலத்தில் அதைக் குறையாகவே குறிப்பார்கள்.

வியர்வை உப்பு இன்னொரு எதிரி. அதிலுள்ள குளோரைடு ஈரக்காற்றோடு சேர்ந்து வெண்கலத்தை அரிக்கும். வெளிர்பச்சைப் பொடி தெரிந்தால் மரக்குச்சியால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். உதிராத பச்சை பெரும்பாலும் பழைய களிம்பு, பயமில்லை. பொடியாக உதிர்ந்து, சில நாளில் அதே இடத்தில் மறுபடி பூத்தால் அரிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைத்து, உலோகப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். மற்றபடி மென்தூரிகையால் தூசி தட்டுவது போதும். நைட்ரைல் கையுறை போட்டு, அடிப்பீடத்தை இரு கையால் ஏந்தித் தூக்குங்கள். நீட்டிய கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

வாங்குகிறவர் வரலாற்றையும் தெரிந்திருக்க வேண்டும். 1935-ல் முதல் விருதை ஜே பெர்வாங்கர் பெற்றபோது இதற்கு ஹைஸ்மன் பெயரே இல்லை. கால்பந்துப் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன் 1936-ல் இறந்த பிறகுதான் அந்தப் பெயர் வந்தது. வீரருக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று எனக் கோப்பைகள் இரண்டு. ரன்னிங் பேக் ஓ.ஜே. சிம்ப்சன் 1968-ல் வென்றதில் வீரர் பிரதி, இரு கொலைகளுக்கு அவரைப் பொறுப்பாக்கிய 1997 சிவில் தீர்ப்பின் 3.35 கோடி டாலர் கடனுக்காகப் பறிமுதலாகி, 1999-ல் 2,55,500 டாலருக்கு ஏலம் போனது. கல்லூரிப் பிரதி 1994-ல் திருடுபோய் 2014-ல்தான் கிடைத்தது. ஒரே விருது, ஒன்று சட்டப்படி விற்றது, மற்றது திருட்டுப் பொருள். எந்தப் பிரதி என்று கேட்காமல் பணம் கொடுத்தால் என்ன ஆகும், யோசியுங்கள். 1999 முதல் வென்றவர்கள் விற்கமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். 1998-ல் வென்ற ரிக்கி வில்லியம்ஸின் கோப்பை 2018-ல் 5,04,000 டாலருக்குப் போனதில் தடையில்லை; ஓராண்டு தள்ளி வென்றிருந்தால் கதையே வேறு.

மோதிரங்கள் இன்னும் எளிதில் தொலையும். சிகாகோ பேர்ஸ் வீரர் வால்டர் பேட்டனின் சூப்பர் பவுல் மோதிரம் (தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியை வென்ற அணியினருக்குத் தருவது) 1996-ல் காணாமல் போய், 2001-ல் ஒரு பழைய சோஃபாவுக்குள் அகப்பட்டது. அதற்குள், 1999-லேயே, அவர் இறந்துவிட்டிருந்தார். விரலுக்குச் சேரவில்லை என்று வளையத்தை வெட்டிச் சின்னதாக்காதீர்கள். உட்புற முத்திரைகளும் எழுத்தும் அந்த வெட்டில் போகும். ஒலியதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியும் வேண்டாம். கல் தளரும், வண்ணப்பூச்சு உரியும். மோதிரம் செய்யும் நிறுவனத்தின் விற்பனையாளர்கள் காட்டுவதற்காக வைத்திருந்த மாதிரிப் பிரதிகளும் சந்தையில் உலவுகின்றன. வைரம் இருக்க வேண்டிய இடத்தில் செயற்கைக் கல், வளையத்தின் அடியில் தேய்ந்த முலாமுக்குள் வேறு நிறம் தெரிந்தால் பேரத்தை நிறுத்துங்கள்.

ஆட்டத்தில் போட்ட ஜெர்சியைத் துவைக்கவே கூடாது. ரன்னிங் பேக்கின் சட்டையை எதிராளிகள் இழுத்துக் கிழிப்பார்கள், அணிக்காரர் தைத்துக் கொடுப்பார்கள். அந்தத் தையலையும் புல்கறையையும் ஆட்டப் படங்களோடு பொருத்தித்தான் எந்த நாள் உடுத்தியது என்று நிறுவுகிறோம். அமிலமற்ற தாளுக்குள் மட்டமாகக் கிடத்தி, வெயில் படாமல் வையுங்கள். ஹேங்கரில் மாட்டினால் தோள் தையல் இழுபடும்.

கடைசியாகத் தாள்கள்: விருது வழங்கிய கடிதம், விற்றவர் கையெழுத்து, ஏல ரசீது. லேமினேட் செய்யாதீர்கள், அந்தச் சூடும் பசையும் திரும்ப எடுக்க முடியாதவை. கோப்பையின் பெயர்த்தகடு, திருகுகள், அடிப்பகுதி மூன்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, அந்தப் படங்களின் ஒரு பிரதியைப் பொருளிருக்கும் வீட்டுக்கு வெளியே வையுங்கள். தகட்டைத் துடைக்க வேண்டும் என்று திருகைக் கழற்ற வேண்டாம்.