துறைமுகத்தில் சரக்கு எத்தனை நாள் தங்குகிறது?

ஆண்டு முடிந்ததும் துறைமுகங்கள் இத்தனை கோடி டன் கையாண்டோம் என்று அறிக்கை வெளியிடும். எண் பெரிதாக இருந்தால் சுற்றுவட்டாரமே செழிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ஒரு கப்பலில் வந்திறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகும் கன்டெய்னரைத் துறைமுகம் இரண்டு முறை எண்ணும்: இறக்கியதற்கு ஒன்று, ஏற்றியதற்கு ஒன்று. சிங்கப்பூர், கொழும்பு, மலேசியாவின் தஞ்சோங் பெலபாஸ் போன்ற துறைமுகங்களின் கணக்கில் பெரும்பகுதி இப்படிக் கப்பல் மாறிப் போகும் சரக்குதான். அதில் வருமானம் உண்டு. பெரிய கப்பல்கள் அடிக்கடி வருவதால் உள்ளூர் ஏற்றுமதியாளருக்கு நேரடிச் சேவையும் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியை யாரும் திறந்து வேலை பார்ப்பதில்லை. துறைமுக வாசலைக் கடந்து போய்வரும் சரக்குதான் லாரிக்கும் கிடங்குக்கும் பேக்கிங் கூடத்துக்கும் ஆலைக்கும் வேலை தருகிறது.

அதனால் ஒரு துறைமுகம் தன் வட்டாரத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்று அறிய முதலில் பார்க்க வேண்டியது, இறங்கிய பெட்டி வாசலைத் தாண்ட எடுக்கும் நாட்கள். பெட்டிகளை அடுக்கி வைக்கும் ஒரு யார்டில் 20 அடிப் பெட்டிகள் 10,000 வைக்க இடம் இருப்பதாகக் கொள்வோம். அடுக்கின் அடியில் இருக்கும் பெட்டியை எடுக்க மேலுள்ளவற்றை நகர்த்த இடம் வேண்டும். எனவே நடைமுறையில் 70 சதவீதம், அதாவது 7,000 பெட்டிதான் வைக்க முடியும். ஒவ்வொரு பெட்டியும் சராசரியாக 7 நாள் தங்கினால் ஆண்டுக்கு 3,65,000 பெட்டிகள் போய்வரலாம். அதையே 4 நாளாகக் குறைத்தால் 6,38,750. புதிதாக ஓர் அடி நிலம்கூட வாங்காமல் கிடைக்கும் கொள்ளளவு இது. விரிவாக்கத்துக்குக் கடலோர நிலம் கேட்கும் எந்தத் திட்டத்திலும் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

துறைமுகம் ஏன் பொதுவுடைமையாக இருக்க வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. அலைத்தடுப்புச் சுவரும் கப்பல் கால்வாயும் போட்ட பணத்தை மீட்கப் பல பத்தாண்டுகள் எடுக்கும். அவற்றின் பலனோ எல்லோருக்கும் பிரிந்து போகும். தனி நிறுவனம் ஒன்று அந்தச் செலவை ஏற்றால், தனக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் வழிவிடத் தோன்றும். அதனால்தான் உலகின் பெரிய துறைமுகங்கள் பலவற்றில் நிலமும் கால்வாயும் பொது அமைப்பிடமும், சரக்கை ஏற்றி இறக்கும் டெர்மினல்கள் குத்தகைக்குத் தனியாரிடமும் இருக்கின்றன. ரோட்டர்டாம் துறைமுக நிறுவனத்தில் சுமார் 70 சதவீதப் பங்கு மாநகராட்சிக்கு, மீதி நெதர்லாந்து அரசுக்கு. கிரேன் ஓட்டுவது தனியார் நிறுவனங்கள். இந்த ஏற்பாட்டில் குத்தகை ஒப்பந்தம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வருவாய்ப் பங்கை மட்டும் எழுதிவிட்டு, பெட்டி தங்கும் நாள், லாரி காத்திருக்கும் நேரம், கப்பலில் மணிக்கு எத்தனை பெட்டி ஏற்றி இறக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதாமல் விட்டால், அந்தத் தவறை 25, 30 ஆண்டுகள் வரை வட்டாரம் சுமக்கும். கட்டண அட்டவணை வெளிப்படையாக இருக்க வேண்டும். மாதம் ஒரு பெட்டி அனுப்புபவரும் ஆயிரம் பெட்டி அனுப்புபவரும் அதே வாசலில், அதே விதியில் நுழைய முடிய வேண்டும்.

கால்வாயின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பராமரிப்புத் தூர்வாரலை ஒத்திப்போடுவது எளிது. தானியமோ நிலக்கரியோ ஏற்றும் பனாமாக்ஸ் கப்பல் (பழைய பனாமா கால்வாயில் நுழையும் அளவுள்ளது) ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக மூழ்க ஏறக்குறைய 65 முதல் 70 டன் சரக்கு வேண்டும். கால்வாயில் 30 சென்டிமீட்டர் வண்டல் படிந்தால், ஒவ்வொரு கப்பலும் சுமார் 2,000 டன்னை விட்டுவிட்டுத்தான் வர முடியும். கப்பல் வாடகையோ குறையாது. டன்னுக்கு ஏறும் அந்தச் செலவு ஆலைக்கும் மின்நிலையத்துக்கும் போய்ச் சேர்கிறது. ஒரே கால்வாயை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகம் காட்டியது: 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதிப் பாலம் விழுந்தது, கால்வாய் முழு அளவில் திறக்க ஜூன் 10 ஆனது.

இனி சிறு வணிகர்களுக்கு. பெட்டி தாமதமாவது பெரும்பாலும் கிரேனால் அல்ல, காகிதத்தால். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு; அசலைக் கொடுத்தால்தான் சரக்கு கைக்கு வரும்) மூன்றிலும் பொட்டல எண்ணிக்கையும் எடையும் சரக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் திருத்தம், அபராதம், சில நாட்கள். அருகிலுள்ள நாட்டிலிருந்து வரும் சரக்கில் இன்னொரு சிக்கல்: கப்பல் முந்திக்கொள்ளும், அசல் பில் வங்கி வழியாக ஊர்ந்து வரும். வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம் (எல்.சி.) இல்லாத, பழகிய வணிகம் என்றால் அசல் தேவைப்படாத ஸீ வேபில், அல்லது அனுப்புபவர் அசலை அங்கேயே ஒப்படைத்ததும் செய்தி அனுப்பிச் சரக்கை விடுவிக்கும் டெலக்ஸ் ரிலீஸை முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆனால் பணம் கைக்கு வராமல் டெலக்ஸ் ரிலீஸ் கொடுக்காதீர்கள். சரக்கின் மேலுள்ள பிடி அதோடு போய்விடும்.

ஏற்றுமதியில் எடைச் சான்று. கப்பல் பாதுகாப்புக்கான சர்வதேச சோலாஸ் உடன்படிக்கையின்படி 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை தராத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. நிரப்பி மூடிய பெட்டியை அப்படியே எடைபோடலாம். அல்லது சரக்கு, பேக்கிங், பலகை, முட்டுக்கட்டை எல்லாவற்றையும் எடைபோட்டுப் பெட்டியின் காலி எடையைக் கூட்டலாம். இரண்டாவது முறையில்தான் தவறு நடக்கிறது. பலகையின் எடையை விட்டுவிடுகிறார்கள். காலி எடையைப் பெட்டியின் கதவில் பார்த்து எழுதாமல் பழைய சீட்டிலிருந்து எழுதுகிறார்கள். எடை தவறினால் அடுக்கு சரியலாம், கப்பலின் சமநிலைக் கணக்கும் பிசகும்.

சரக்கை அடுக்கும் மரப் பலகையையும் கவனியுங்கள். மரத்தோடு பூச்சி போகாமலிருக்க அதற்குச் சிகிச்சை செய்ய வேண்டும். வெப்பச் சிகிச்சை என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ், தொடர்ந்து 30 நிமிடம். அதற்கான முத்திரை பலகையில் தெரிய வேண்டும். உடைந்த பலகைக்குச் சாதாரணக் கட்டையை அடித்துச் சரிசெய்து அனுப்புவது பழக்கமான பிழை. முழுப் பெட்டியும் திரும்பி வர அந்த ஒரு கட்டை போதும்.

டெமரேஜ், டிடென்ஷன் இரண்டையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். இறக்குமதியில், சரக்கோடு பெட்டி துறைமுகத்துக்குள் இலவச நாட்களைத் தாண்டிக் கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்துப் போன பெட்டியைக் காலியாக்கித் தாமதமாகத் திருப்பினால் டிடென்ஷன். துறைமுகத்தின் இடவாடகை இவற்றுக்கு மேல் தனியாக வரலாம். நாள் ஏற ஏறத் தினக் கட்டணமும் படிப்படியாக உயரும். விடுமுறை நாளும் பெரும்பாலும் கணக்கில் சேரும். இலவச நாட்களைக் கப்பல் கட்டணம் பேசும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெட்டி வந்திறங்கிய பின் கேட்டால் அநேகமாகக் கிடைக்காது. காலிப் பெட்டியை ஒப்படைக்கும்போது உள்ளும் புறமும் படமெடுத்து, தேதி போட்ட ஒப்படைப்புச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

கன்டெய்னர் சரக்கை எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றித் தரும்) விலையில் விற்பது இன்னும் தொடர்கிறது. அந்த விதியில் சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு விற்பவருடையது. பெட்டியோ அதற்குச் சில நாட்கள் முன்பே யார்டுக்குப் போய்விடும். அங்கே மழைநீர் புகுந்தாலும் இடிபட்டாலும் நட்டம் உங்களுக்கு. கன்டெய்னருக்குப் பொருத்தமானது எஃப்.சி.ஏ. என்ற விதி; கப்பல் நிறுவனத்தின் கையில் ஒப்படைத்ததும் பொறுப்பு மாறிவிடும்.

யாரும் எடுக்காமல் விட்ட சரக்கு வாடகைப் பிரச்சினை மட்டுமல்ல. லெபனானின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் சுமார் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று அது வெடித்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். நாட்டின் முக்கியத் தானியக் குதிரும் சிதைந்தது. பறிமுதல் ஆன, கேட்பாரற்ற அபாயச் சரக்கை அகற்றும் காலக்கெடுவும், அதற்குப் பொறுப்பான அதிகாரியின் பதவியும் எழுத்தில் இருக்கிறதா என்று ஊரார் கேட்பதில் தவறில்லை.

துறைமுகப் பயனாளர் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் மாதாந்தரக் கணக்காகக் கேட்க வேண்டியவை சில: இறக்குமதிப் பெட்டி தங்கும் நாளின் சராசரி, 30 நாளுக்கு மேல் கிடக்கும் பெட்டிகளின் எண்ணிக்கை, கால்வாயின் கடைசி ஆழ அளவீட்டுத் தேதி, லாரி உள்ளே வந்து வெளியேற எடுக்கும் நேரம். கடைசியில் சொன்னதை எங்கிருந்து அளக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வாசலில் சீட்டுப் பதிந்த நொடியிலிருந்து எண்ணினால், வெளியே சாலையில் வரிசையில் நின்ற ஆறு மணி நேரம் கணக்கிலேயே வராது.