டும் டும் டப்: குயின் பாட்டுக்குள்ள இருக்கிற இயற்பியல்

குயின்ங்கிற இங்கிலாந்து ராக் பேண்டோட 'வி வில் ராக் யூ' பாட்டு ஆரம்பத்துல வருதே டும் டும் டப், அது டிரம்ஸே கிடையாது. ஆளுங்க கால மிதிச்சு கைய தட்டுன சத்தம், அதுவும் சும்மா கொஞ்ச பேருதான் இருந்திருப்பாங்க, ஆனா கேக்குறப்போ ஒரு ஸ்டேடியமே மிதிக்கிற மாதிரி இருக்கும், அது எப்படின்றதுதான் மேட்டர்.

1977ல இங்கிலாந்துல ஸ்டாஃபோர்டு பக்கம் பிங்லி ஹால்ல கச்சேரி முடிஞ்சும் கூட்டம் போகாம நின்னு அவங்களாவே பாட ஆரம்பிச்சிட்டாங்க. கிடாரிஸ்ட் பிரையன் மே அத பாத்துட்டு, இப்படி நெருக்கியடிச்சு நிக்கிறவங்களால என்னதான் செய்ய முடியும்னு யோசிச்சிருக்காரு. மிதிக்கலாம், தட்டலாம், பாடலாம், அவ்ளோதான். அதையே பாட்டாக்கிட்டாரு.

மே இயற்பியல் படிச்ச மனுஷன், 2007ல இம்பீரியல் காலேஜ்ல வானியற்பியல்ல பிஎச்டியே முடிச்சாரு. ஸ்டுடியோல பழைய மரப்பலகை மேல மிதிச்சு மிதிச்சு ரெக்கார்ட் பண்ணிட்டு, அந்த ஒவ்வொரு மிதிக்கும் நெறைய காப்பி எடுத்து கொஞ்சம் கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரி வெச்சாங்க. இந்த லேட்ட சம இடைவெளில வெச்சிருந்தா நம்ம காது அத எக்கோன்னு கண்டுபிடிச்சிடும். அதனால பகா எண் கணக்குல இடைவெளி விட்டாரு. ஒழுங்கு எதுவும் பிடிபடாததால மூளை அத பக்கத்துல ஒருத்தர், தூரத்துல ஒருத்தர், சுத்தி நெறைய பேருன்னு எடுத்துக்குது. எனக்கு இது ராக் மியூசிக்லயே ரொம்ப அழகான ஐடியா.

நிஜ ஸ்டேடியத்துலயும் இந்த லேட் இருக்கு. சத்தம் செகண்டுக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும், மேடைலேர்ந்து 100 மீட்டர் தள்ளி நிக்கிறவருக்கு 0.3 செகண்ட் தாமதமா கேக்கும், வேகமான தாளமா இருந்தா மொத்தமும் குழம்பிடும். இந்த பாட்டுல ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒன்றரை செகண்ட் இருக்கு, அதனால தாங்குது. கைதட்டல பத்தி 2000ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு: கச்சேரி முடிஞ்சதும் ஆளாளுக்கு வேகமா தட்டுற கூட்டம் ஒண்ணு சேர்ந்து தட்ட ஆரம்பிக்குறப்போ வேகம் பாதியா குறைஞ்சிடுது. மெதுவா தட்டுறப்போதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் கம்மியாகுது.

சரி, சேர்ந்து தட்டுனா ஏன் அவ்ளோ சந்தோஷம்? ஆக்ஸ்ஃபோர்டுல உளவியல் ஆராய்ச்சியாளர் ராபின் டன்பார் குழு 2012ல சோதிச்சு பாத்தாங்க. பாடுறவங்க, டிரம் அடிக்கிறவங்க, ஆடுறவங்களுக்கு வலி தாங்குற சக்தி கூடுது, சும்மா கேட்டுட்டு இருக்குறவங்களுக்கு கூடல. உடம்புல வலிய குறைச்சு சந்தோஷத்த குடுக்கிற எண்டார்ஃபின்ங்கிற ரசாயனம் சுரக்குறதுதான் காரணம்னு சொல்றாங்க. வீட்ல நூறு தடவ கேட்ட பாட்டு கச்சேரில ஏன் புல்லரிக்க வைக்குதுன்னா, அங்க நாமளும் வேலை செய்றோம்.

1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரி, குயினுக்கு கெடச்சது இருபது நிமிஷம் சொச்சம்தான். அதுலயும் குயினோட பாடகர் ஃப்ரெடி மெர்குரி பாட்டே இல்லாம "ஏ... ஓ"ன்னு ஒரு இழுப்பு இழுத்துட்டு மைக்க கூட்டத்துக்கு விட்டுக் குடுக்குறாரு, 70,000 பேருக்கு மேல அப்படியே திருப்பி பாடுறாங்க. அந்த வீடியோவ நான் எத்தனை தடவ பாத்தாலும் அவரு பாடுற எடத்த விட அவங்க பதில் சொல்ற எடத்துலதான் கண்ணு கலங்கும். ஃப்ரெடி 1991ல போயிட்டாரு, இப்போ ஆடம் லாம்பர்ட் பாடுறாரு, ஆனா டும் டும் டப்னு ஆரம்பிச்சா போதும், யாரும் சொல்லித் தராமலே மொத்த அரங்கமும் மிதிக்குது.