படிப்பை விட்டபின் திருமணம் வழியாக கிரீன் கார்டு: அமெரிக்காவில் எஃப்-1 மாணவருக்கு உள்ள வழி

எஃப்-1 விசாவில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஒருவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார். ஃபீஸ் கட்ட முடியாமல் போயிருக்கலாம், உடம்பு படுத்தியிருக்கலாம், மனம் தளர்ந்திருக்கலாம். செமஸ்டருக்குப் பதிவு செய்யவில்லை என்றதும் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம், வெளிநாட்டு மாணவர்களைக் கண்காணிக்கும் அரசுத் தரவுத்தளமான செவிஸில் அவருடைய பதிவை முடித்துவிட்டது. இதற்கிடையே அங்கேயே ஒருவரை விரும்பிக் கல்யாணமும் ஆகிவிட்டது. இனி மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்ப வேண்டுமா, இருக்கிற இடத்தில் இருந்தே கிரீன் கார்டு வாங்க முடியுமா?

இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவே பலர் பயப்படுகிறார்கள். வீட்டுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படிப் பயந்து ஒதுங்கியிருக்கும் மாதங்களில்தான் திருத்த முடியாத தவறுகள் நடக்கின்றன. அவசரப்பட்டு ஃபிளைட் ஏறிவிடுகிறார்கள், அல்லது யாரோ சொன்னார் என்று படிவத்தில் பொய் எழுதிவிடுகிறார்கள். இரண்டையும் தவிர்த்தாலே பலருக்கு வழி திறந்துதான் இருக்கிறது.

துணை யார் என்பதுதான் முதல் கேள்வி

கணவரோ மனைவியோ அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரா, கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரா? பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

குடியுரிமை உள்ளவர் என்றால், அவருடைய துணையைச் சட்டம் 'உடனடி உறவினர்' என்கிறது. இந்தப் பிரிவுக்கு ஆண்டு ஒதுக்கீடு கிடையாது, நாடு வாரியான வரம்பும் கிடையாது. வேலை வழியாக இபி-2, இபி-3 வரிசையில் இந்தியர்கள் பத்து வருடத்துக்கும் மேலாகக் காத்திருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசை இங்கே இல்லை. இதைவிட முக்கியமான சலுகை ஒன்று உண்டு. ஸ்டேட்டஸை, அதாவது விசா தந்த தங்கும் தகுதியை, இழந்தவரும் அனுமதி இல்லாமல் வேலை பார்த்தவரும் நாட்டுக்குள் இருந்தபடியே கிரீன் கார்டுக்கு மாற முடியாது என்று குடியேற்றச் சட்டத்தின் 245-ஆம் பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. அதே பிரிவு, உடனடி உறவினருக்கு அந்த இரண்டு தடைகளிலிருந்தும் விலக்குத் தருகிறது. படிப்பை விட்டு ஆறு மாதமானாலும் மூன்று வருடமானாலும் விண்ணப்பிக்கலாம் என்பது இதனால்தான். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. கடைசியாக நாட்டுக்குள் வந்தபோது அதிகாரி முன் நின்று முறைப்படி நுழைந்திருக்க வேண்டும். விமான நிலையத்தில் விசாவைக் காட்டி உள்ளே வந்த மாணவரிடம் அதற்கான சான்றாக ஐ-94 பதிவு இருக்கும். அதை இணையத்திலிருந்து இறக்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிரீன் கார்டு மட்டும் உள்ளவரைக் கட்டியிருந்தால் கதை வேறு. அது எஃப்2ஏ என்ற பிரிவு. அதற்கு ஒதுக்கீடு உண்டு, வரிசை உண்டு. விலக்கும் கிடையாது. ஸ்டேட்டஸ் போனவர் அந்த நிலையில் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 போட்டால் பொதுவாக நிராகரிக்கப்படும். இவருக்காகத் துணை போட வேண்டிய குடும்ப மனுவான ஐ-130-ஐ இப்போதே போட்டு வைக்கலாம். பின்னாளில் அவர் குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்றே அந்த மனு உடனடி உறவினர் மனுவாக மாறிவிடும், அதற்குப் பிறகு ஐ-485 போடலாம். ஆனால் நடுவில் உள்ள காலத்தில் இவருக்கு எந்த ஸ்டேட்டஸும் இல்லை, நாடுகடத்தும் நடவடிக்கை வரக்கூடும். திரும்பப் படிக்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் ஐ-539 படிவம் வழியாக மாணவர் ஸ்டேட்டஸை மீட்கக் கேட்கலாம். பொதுவாக ஸ்டேட்டஸ் போன 5 மாதத்துக்குள் கேட்க வேண்டும். இந்த நிலையில் இருப்பவர்கள் வக்கீலைப் பார்க்காமல் ஓர் அடியும் எடுத்து வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

படிப்பு நின்ற நாளிலிருந்து

படிப்பையோ, படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சியான ஓபிடியையோ ஒழுங்காக முடித்தவருக்கு 60 நாள் அவகாசம் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் ஒப்புதலோடு படிப்பிலிருந்து விலகியவருக்கு 15 நாள். சொல்லாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்தியவருக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. இன்னும் கல்லூரியில் இருந்துகொண்டு விலகலாமா என்று யோசிப்பவர் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளட்டும். உடல்நலக் காரணம் என்றால் டாக்டர் சான்றிதழோடு பாடச்சுமையைக் குறைக்கக் கேட்கவும் வழி உண்டு. அதற்கு ஸ்டேட்டஸ் போவதற்கு முன்பே கேட்டாக வேண்டும்.

அப்புறம் ஒரு நுணுக்கம். ஸ்டேட்டஸ் இல்லாமல் இருப்பதும், சட்டம் 'சட்டவிரோதத் தங்கல்' என்று நாள் எண்ணுவதும் ஒன்றல்ல. ஐ-94-இல் தேதிக்குப் பதிலாக 'டி/எஸ்' (ஸ்டேட்டஸ் இருக்கும்வரை) என்று போட்டு உள்ளே விடப்பட்ட மாணவருக்கு, ஸ்டேட்டஸ் போன உடனே அந்த எண்ணிக்கை தொடங்குவதில்லை. குடியேற்ற நீதிபதி உத்தரவிட்டாலோ, ஏதாவது ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது அமெரிக்கக் குடியேற்றச் சேவை அமைப்பான யுஎஸ்சிஐஎஸ் அதை முறைப்படி பதிவு செய்தாலோதான் தொடங்கும். 2018-இல் யுஎஸ்சிஐஎஸ் இதை மாற்றப் பார்த்தது. கல்லூரிகள் தொடுத்த வழக்கில் 2020-இல் நீதிமன்றம் அந்த மாற்றத்தை நிரந்தரமாகத் தடுத்தது. ஐ-94-இல் தேதி போட்டிருந்தால் கணக்கு வேறு, அந்தத் தேதிக்கு மறுநாளிலிருந்தே எண்ணிக்கை ஓடும்.

ஊருக்குப் போய்வரலாமா

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று போன் வருகிறது. தங்கை கல்யாணம் வருகிறது. ஒரு வாரம் போய்விட்டு வந்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்த இடத்தில் மனதைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விசா ஸ்டாம்ப் இன்னும் இரண்டு வருடம் செல்லுமே என்று நம்பிக் கிளம்பக் கூடாது. கல்லூரி தரும் மாணவர் சான்றான ஐ-20 செல்லுபடியாக இல்லாமல் மாணவராகத் திரும்ப நுழைய முடியாது. சட்டவிரோதத் தங்கல் 180 நாளைத் தாண்டியிருந்தால் வெளியேறிய நாளிலிருந்து 3 வருடம் திரும்ப முடியாது, ஒரு வருடத்தை எட்டியிருந்தால் 10 வருடம். இந்தத் தடை நாட்டுக்குள் இருக்கும்வரை விழுவதில்லை, வெளியேறும்போதுதான் விழுகிறது. தடை விழாதவருக்கும் சிக்கல் உண்டு. ஊரிலிருந்து திரும்ப வேண்டுமென்றால் குடியேற்ற விசாவுக்காகத் தூதரகம் வழியாகக் காத்திருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு நாட்டில் மாதக்கணக்கில் பிரிந்திருப்பார்கள்.

ஐ-485 போட்டபின்பும் அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதி கைக்கு வருமுன் கிளம்பினால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். எச்-1பி, எல்-1 வேலை விசாக்கள் போன்ற சிலவற்றில் இருப்பவர்களுக்குத்தான் விலக்கு, படிப்பை விட்ட மாணவருக்கு இல்லை. அட்வான்ஸ் பரோல் இருந்தாலும் திரும்பும்போது உள்ளே விடுவதா என்பது விமான நிலைய அதிகாரியின் கையில்தான் இருக்கிறது.

எதை மன்னிக்கும், எதை மன்னிக்காது

ஹோட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ கைக்காசுக்கு வேலை பார்த்தது உடனடி உறவினருக்குத் தடையாகாது என்று மேலே பார்த்தோம். ஆனால் படிவத்தில் கேட்கும்போது அதை மறைத்தால், மன்னிக்கப்பட வேண்டிய ஒன்றைப் பொய்யாக மாற்றிக்கொள்கிறோம். முக்கியமான விஷயத்தில் சொன்ன பொய் தனித் தடை.

எல்லாவற்றிலும் கொடியது ஒன்று உண்டு. வேலையில் சேரும்போது ஐ-9 படிவத்தில் 'அமெரிக்கக் குடிமகன்' என்ற கட்டத்தில் டிக் செய்வது. வேலை கிடைத்தால் போதும் என்று இதைச் செய்துவிடுகிறார்கள். குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னவருக்கு வாழ்நாள் தடை, குடும்ப கிரீன் கார்டுக்கு அதற்கு விலக்கு மனுவே கிடையாது. டிரைவிங் லைசென்ஸ் வாங்கும் இடத்தில் வாக்காளர் பதிவுக்குச் சம்மதமா என்று கேட்பார்கள், அங்கும் இதே ஆபத்து. இப்படி ஏதாவது நடந்திருந்தால் ஐ-485 போடுமுன் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கஞ்சா மத்தியச் சட்டப்படி குற்றம்தான், குடியேற்றத்தில் மத்தியச் சட்டமே பேசும்.

ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வந்து படித்தவர்கள், இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை தங்களுக்கு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தால், விலக்கு வாங்காமல் திருமணம் மட்டும் உதவாது.

காகிதங்களும் பணமும்

துணை போடுவது ஐ-130. மாணவர் போடுவது ஐ-485. உடனடி உறவினர் இரண்டையும் சேர்த்தே அனுப்பலாம். கூடவே வேலை அனுமதிக்கு ஐ-765, பயண அனுமதிக்கு ஐ-131. மருத்துவப் பரிசோதனைப் படிவமான ஐ-693-ஐ 2024 டிசம்பர் 2 முதல் ஐ-485-உடனேயே வைத்தாக வேண்டும். அதையும் யுஎஸ்சிஐஎஸ் அங்கீகரித்த டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும். 2024 ஏப்ரல் 1-இல் வந்த கட்டணப் பட்டியலில் ஐ-485-க்கு 1,440 டாலர், ஐ-130-க்குத் தாளில் 675 டாலர், ஆன்லைனில் 625 டாலர், கூடவே போடும் ஐ-765-க்கு 260 டாலர். அனுப்பும் நாளில் யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் கட்டணத்தையும் படிவத்தின் பதிப்புத் தேதியையும் ஒருமுறை சரிபாருங்கள். தவறினால் கட்டு முழுவதும் திரும்பி வரும்.

நம் ஊர்க்காரர்கள் சிக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை) என்று விழுந்திருக்கும். திருமணப் பதிவில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகக் கொடுத்திருப்பார்கள், கல்லூரிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும் படிவத்தில் எழுத இடம் உண்டு, ஒன்றையும் விடாதீர்கள். இரண்டாவது பிறப்புச் சான்றிதழ். குழந்தையின் பெயர் இல்லாமல் பதிவானது, பல வருடம் கழித்துப் பதிவானது என்று நம்மில் பலருக்கு இருக்கிறது. ஊரில் நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ முதலிலேயே பெயரைச் சேர்த்து வாங்குங்கள். கிடைக்கவே கிடைக்காது என்றால் 'பதிவு இல்லை' என்ற சான்றும், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருவரின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். தமிழில் உள்ள எதற்கும் கையொப்பமிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்.

கோவிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. கவுண்டி எனப்படும் உள்ளாட்சி அலுவலகத்தில் திருமண லைசென்ஸ் வாங்கிப் பதிவு செய்திருந்தால்தான் அமெரிக்காவில் நடந்த கல்யாணம் சட்டப்படி நிற்கும்.

வருமானம் பற்றி: துணை ஐ-864 என்ற பொறுப்பேற்புப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும். வறுமைக்கோட்டு வருமானத்தின் 125 சதவீதம் அவருக்கு இருக்க வேண்டும், 2025 கணக்கில் இருவர் உள்ள வீட்டுக்கு 26,437 டாலர். அவரும் மாணவராக இருந்தால் வேறொருவர் கூட்டுப் பொறுப்பேற்கலாம். கையெழுத்துப் போடுபவரிடம் விஷயத்தை முழுதாகச் சொல்லிவிடுங்கள். விவாகரத்து ஆனாலும் அந்தப் பொறுப்பு முடியாது.

காத்திருக்கும் காலம்

ஐ-485 நிலுவையில் இருக்கும்போது தங்குவதற்கு அனுமதி உண்டு, ஆனால் அது ஸ்டேட்டஸ் அல்ல. வேலை அனுமதி அட்டை கையில் வந்த பிறகே வேலை. வீடு மாறினால் 10 நாளுக்குள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

சூழல் இறுகியிருப்பதையும் சொல்லத்தான் வேண்டும். குடும்ப மனு போட்டிருப்பது மட்டும் யாரையும் நாடுகடத்தலிலிருந்து காப்பாற்றாது என்று 2025 ஆகஸ்டில் யுஎஸ்சிஐஎஸ் தன் கொள்கைக் கையேட்டில் தெளிவாக எழுதிவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் சான் டியேகோ அலுவலகத்தில், விசா காலம் கடந்து தங்கியிருந்த சிலர் கிரீன் கார்டு நேர்காணலுக்கு வந்த இடத்திலேயே பிடித்து வைக்கப்பட்டார்கள். அமெரிக்கர்களின் கணவர்களும் மனைவிகளும் அவர்களில் இருந்தார்கள். இதைக் கேட்டு நேர்காணலுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், போகாவிட்டால் விண்ணப்பமே போய்விடும். வக்கீலோடு போங்கள். வக்கீலின் நம்பர் துணைக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும். 'கன்சல்டன்ட்' என்று பலகை மாட்டியவர் வக்கீல் அல்ல. வசதி இல்லையென்றால் சட்டக் கல்லூரிகளின் இலவச கிளினிக்குகள் இருக்கின்றன, நீதித்துறை அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும் இருக்கிறார்கள்.

நேர்காணலில் பார்ப்பது, இது உண்மையான கல்யாணமா என்பதை. இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து போட்ட வரிக்கணக்கு, இன்சூரன்ஸ், இரு வீட்டாரோடும் எடுத்த படங்கள் எல்லாம் சான்று. வீட்டுக்குச் சொல்லாமல் கட்டிக்கொண்டவர்களுக்கு இங்கே கஷ்டம்தான். பெற்றோருக்கு ஏன் தெரியாது என்று கேட்டால் உள்ளதைச் சொன்னால் போதும். கார்டுக்காக மட்டும் செய்த கல்யாணம் என்று முடிவானால் குடியேற்றச் சட்டத்தின் 204(சி) பிரிவின்படி பிறகு யார் மனு போட்டாலும் ஏற்கப்படாது. 5 வருடம் வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் சட்டத்தில் உண்டு.

கார்டு வந்தபின்

கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி 2 வருடம் ஆகவில்லை என்றால் 2 வருட நிபந்தனைக் கார்டுதான் வரும். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து அந்த நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 போட வேண்டும். மறந்துவிட்டால் நிரந்தர வாசமே பறிபோகும்.

கடைசியாக, குறிப்பாக நம் பெண்களுக்கு. 'நான் மனுவை வாபஸ் வாங்கினால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்' என்று மிரட்டி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அடியோ கொடுமையோ தாங்கும் மனைவி அல்லது கணவர், அந்தத் துணைக்குத் தெரியாமல் ஐ-360 என்ற மனுவைத் தானே போடலாம். பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டமான வாவா தரும் உரிமை இது, ஆண்களுக்கும் பொருந்தும். மனுவுக்குக் கட்டணம் இல்லை, விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நிபந்தனைக் கார்டு உள்ளவர் விவாகரத்து ஆகிவிட்டாலோ கொடுமை நடந்திருந்தாலோ ஐ-751-ஐயும் தனியாகவே போடலாம். மிரட்டலுக்குப் பயந்து அந்த வீட்டில் இருக்க வேண்டியதில்லை.