டவர் இல்லாத ரன்வேயில பிளேன்கள் முட்டுப்படாமப் போறது எப்பிடி?

இரணைமடுக் குளக்கட்டில பின்னேரம் போய் நிண்டிருந்தா பாத்திருப்பியள், நீர்க்காகமோ கூழைக்கடாவோ தண்ணியில இறங்க வரேக்க காத்து எந்தப் பக்கத்தால வருதோ அந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டுதான் இறங்கும், காத்துக்கு முதுகு காட்டாது. காத்துக்கு எதிர வந்தா செட்டையில படுற காத்து குறையாது, ஆனா தண்ணியோட பாக்கேக்க வேகம் குறைவு, பதமா இறங்கலாம். பிளேனுக்கும் அதே கணக்குத்தான், ஏறுறதும் இறங்கிறதும் காத்துக்கு எதிர. கச்சான் அடிச்சா மேற்கைப் பாத்து (முறிகண்டியில வாங்கித் தின்னுற கச்சான் இல்ல, காத்து), கொண்டல் எண்டா கிழக்கைப் பாத்து. ஒரே ரன்வேக்கு ரெண்டு நம்பர் இருக்கிறதும் அதாலதான், திசைகாட்டியில 270 பாகையை நோக்கிப் போனா 27, மறுபக்கமா வந்தா 09.

சரி, இண்டைக்கு 27ஆ 09ஆ எண்டு ஆர் சொல்றது? பெரிய எயார்போட்டில டவர்ல, அதுதான் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில, இருக்கிற ஆள் சொல்லுவார். என்ர பெரியம்மாட மகன் ஒஸ்ரேலியாவில சின்ன பிளேன் ஓடப் பழகுறார், அங்க டவரே இல்ல, ஒரு ரன்வே, ஒரு கொட்டில், கம்பத்தில காத்து எந்தப் பக்கத்தால வருது எண்டு காட்டுற ஒரு காத்துப்பை, அவ்வளவுதான். "அப்ப ஆர் அண்ணை உங்களை இறங்கு ஏறு எண்டு சொல்றது" எண்டு கேட்டன். "ஒருத்தரும் சொல்றேல்ல தம்பி, காத்துப்பையைப் பாத்து நாங்களே முடிவெடுக்கிறது, எடுத்ததை மற்றவைக்குச் சொல்றது" எண்டார்.

எனக்கு முதல்ல நம்பேலாமக் கிடந்தது. கரண்ட் போன நேரம் சந்தியில லைற் எரியாட்டி பஸ்ஸும் லாண்ட்மாஸ்டரும் மோட்டச்சைக்கிளும் ஒருத்தற்ற மூஞ்சியை ஒருத்தர் பாத்து நிண்டு நிண்டு போகும்தானே, ஆனா ஆகாயத்தில பிரேக் பிடிச்சு நிக்கேலாது. அதால மற்றவன் எங்க நிப்பான் எண்டு பாக்க முதலே தெரிஞ்சிருக்கோணும். அதுக்குத்தான் சேர்க்கிட் எண்டு ஒரு பாதை, ரன்வேயை ஒரு நீளப் பக்கமா வைச்சுக் கீறின செவ்வகம் மாதிரி. ஏறி நேர போறது அப்விண்ட், இடப்பக்கம் திரும்பினா குறொஸ்விண்ட், இன்னொருக்காத் திரும்பி ரன்வேக்குச் சமாந்தரமா வந்த பக்கமே போறது டவுன்விண்ட், பிறகு ரன்வே நேரை நோக்கித் திரும்பினா பேஸ், கடைசியா ரன்வேயை நேர பாத்துக்கொண்டு ஃபைனல். உயரம் நிலத்தில இருந்து 1000 அடி. வழமையா எல்லாத் திரும்பலும் இடப்பக்கம்தான், ஓட்டுறவர் இடப்பக்கச் சீற்றில இருக்கிறதால ரன்வே எப்பவும் அவற்ற யன்னலுக்கால தெரியும். டவுன்விண்ட்ல போகேக்க இறங்கிற தலைப்பு தோளுக்குப் பின்னால 45 பாகையில தெரிஞ்சா பேஸுக்குத் திரும்பிற நேரம்.

பொல்லாத இடம் பேஸில இருந்து ஃபைனலுக்குத் திரும்பிற இடம். பின்னால காத்துத் தள்ளினா ரன்வே நேரைத் தாண்டிப் போயிடும், அதைப் பிடிக்கிறன் எண்டு வேகம் குறைஞ்ச நேரத்தில இறுக்கித் திருப்பினா ஒரு செட்டை முதல்ல தூக்கிற பலத்தை இழந்து பிளேன் சுத்திக்கொண்டு விழும், 500 அடியில அதை நிமித்த உயரம் காணாது. தாண்டிப் போனா விட்டுப்போட்டு இன்னொரு வட்டம் அடிக்கச் சொல்லித்தான் பழக்கிறவை.

மற்றது செட்டை மறைக்கிற கதை. சில பிளேனுக்கு செட்டை உடம்புக்கு மேல, சிலதுக்குக் கீழ. ஃபைனல்ல மேல வாறது கீழ்ச்செட்டைக்காரன், அவனுக்குக் கீழ வாறது மேல்செட்டைக்காரன் எண்டு வையுங்கோ, மேல இருக்கிறவனுக்குத் தன்ர செட்டை கீழ மறைக்குது, கீழ இருக்கிறவனுக்குத் தன்ர செட்டை மேல மறைக்குது, ரெண்டு பேரும் ஒரே ரன்வேக்கு ஒண்டுக்கு மேல ஒண்டா இறங்கிக்கொண்டு வருவினம், ஒருத்தருக்கும் தெரியாது. அதாலதான் றேடியோவில சொல்லிக்கொண்டே வாறது. ஒஸ்ரேலியாவில தனி அலைவரிசை குடுக்காத இடங்களுக்கெல்லாம் பொதுவா 126.7 மெகாஹேர்ட்ஸ், கன ரன்வேக்காரர் அதிலதான் கதைப்பினம். சும்மா ஒரு கதைக்கு முறிகண்டியில ஒரு ரன்வே இருக்கெண்டா, "முறிகண்டி டிராஃபிக்" எண்டு தொடங்கி என்ன பிளேன், எங்க நிக்கிறன், என்ன செய்யப்போறன் எண்டு சொல்லி கடைசியா இன்னொருக்கா "முறிகண்டி" எண்டு முடிக்கோணும். பஸ் கொண்டக்டர் ஊர்ப்பேரை ரெண்டுதரம் கத்திற மாதிரித்தான், முதல் பேர் இரைச்சலில போனாலும் கடைசிப் பேர் காதில விழும், மாங்குளத்தில சுத்துறவன் தனக்கில்ல எண்டு விட்டுடுவான். றேடியோவே இல்லாத பிளேனும் பறக்கும், அதால காதை மட்டும் நம்பேலாது.

வெளியில இருந்து வாறவை கன பேர் 1500 அடியில ரன்வேக்கு மேலால வந்து காத்துப்பையைப் பாத்து, சேர்க்கிட் இல்லாத மற்றப் பக்கத்தில 1000 அடிக்கு இறங்கி, பிறகு ரன்வேயைக் குறுக்கறுத்து டவுன்விண்ட்ல சேருவினம். அந்தப் பக்கத்துக்கு டெட் சைட் எண்டு பேர், இதை ஞாபகம் வைச்சிருங்கோ.

ஏறிப் போறது லேசெண்டு நினைச்சன், இல்லையாம். ரன்வேக்குள்ள போக முதல் ஃபைனல்ல ஆரும் வருகினமோ எண்டு அண்ணாந்து பாக்கோணும், மற்றத் தலைப்பையும் பாக்கோணும். ஏறினா 500 அடி வரைக்கும் திரும்பிறேல்ல. எஞ்சின் நிண்டா அந்த உயரத்தில திரும்பி ரன்வேக்கு வர நினைக்கிறதே ஆளைக் கொல்லும், முன்னால இருக்கிற வயலோ வெளியோ பாத்து இறக்கோணும். எங்கட சித்திரை வெயிலில எண்டா இன்னும் மோசம், 35 பாகைச் சூட்டில காத்து ஐதாகி, கடல் மட்டத்தில நிக்கிற பிளேன் கிட்டத்தட்ட 2400 அடி உயரத்தில நிக்கிற மாதிரித்தான் இழுக்கும், ஏறுறது மெதுவாயிடும்.

சேர்க்கிட்டை விட்டு வெளிக்கிடுறதெண்டா செவ்வகத்தின்ர ஏதாவது ஒரு கோட்டை அப்பிடியே நீட்டி நேர போறது. வலப்பக்கம் போகோணும் எண்டாலும் உடன திரும்பேலாது, ரன்வே முடிஞ்சு குறைஞ்சது 3 நாட்டிக்கல் மைல், எங்கட கணக்கில அஞ்சரைக் கிலோமீற்றர், நேர போய்த்தான். சின்ன பிளேனுக்கு ஏறுற வேகத்தில ரெண்டரை நிமிசம் எடுக்கும். அண்ணை தனியப் போன முதல் நாள் வலப்பக்கம்தான் போகவேண்டி இருந்தது, வெறும் வானம், றேடியோவிலயும் ஒரு சத்தமில்ல, திரும்பினா என்ன எண்டு கை உன்னினதாம், எண்டாலும் திரும்பேல்ல. கொஞ்ச நேரத்தால வலப்பக்க யன்னலுக்கால திரும்பிப் பாத்தா வெள்ளையா ஒண்டு, ஒரு சொல்லும் கதைக்காம, டெட் சைட்ல இறங்கிக்கொண்டிருந்தது.