கண்டல் ஓடையில் கயாக்: சிப்பிக் கீறலைச் சும்மா விடாதீர்கள்

பட்டர்வொர்த் பக்கம் கிளினிக் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் வரும் கால்களைப் பார்த்தே, யார் எங்கே சுற்றிவிட்டு வந்திருக்கிறார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். குதிகாலில் கொப்புளம் என்றால் மலையேற்றம். பாதத்தின் ஓரத்தில் பிளேடால் இழுத்தது போல நாலைந்து மெல்லிய கீறல், நகக்கண்ணில் இன்னும் போகாத சாம்பல் நிறச் சேறு என்றால் கண்டல் ஓடை, அதாவது கடலோரச் சதுப்புநிலக் காட்டு ஓடை.

இப்போது நம்மவர்கள் நிறையப் பேர் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு இந்த ஓடைகளுக்குள் போகிறார்கள். நல்லதுதான், உடம்புக்கும் மனசுக்கும். மூழ்கிவிடக்கூடாது என்ற பயத்தில் லைஃப் ஜாக்கெட்டை ஒழுங்காக மாட்டிக்கொள்கிறார்கள். காலில் மட்டும் ஒரு ஜப்பான் சிலிப்பர்.

கீறல் எப்படிப் படுகிறது என்று கேட்டால், பெரும்பாலும் கதை ஒன்றுதான்: நீர் இறக்கம். பினாங்கு நீரிணையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இரண்டு மீட்டர் வரை வித்தியாசம் வரும். ஆறு மணி நேர இறக்கத்தில் முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் குறைவதே தெரியாது. நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் ஓடிவிடும். நீர்க்காகத்தைப் படம் பிடித்துக்கொண்டு உள்ளே நின்றுவிட்டால், திரும்பும்போது ஓடை முழுக்கச் சேறு. இறங்கி இழுக்க வேண்டியதுதான். முழங்கால் வரை கால் உள்ளே போகும், சிலிப்பரைச் சேறு வாங்கிக்கொள்ளும், அடியில் புதைந்திருக்கும் சிப்பி ஓட்டின் மேல் வெறுங்கால் இறங்கும்.

இன்னொரு இடம் ஓடையின் வாய். வெளியே மீன்பிடிப் படகுகள், பெர்ரி, கண்டெய்னர் கப்பல்கள் என்று எப்போதும் போக்குவரத்து. படகு கடந்துபோய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதன் அலை வந்து சேரும். கயாக்கைப் பக்கவாட்டில் தூக்கிப் பாக்காவ் என்னும் கண்டல் மர வேர்கள்மேல் தள்ளும். அந்த நொடியில் எல்லாரும் செய்வது, கையையோ காலையோ நீட்டி வேரை உதைப்பது. வேர் முழுக்கச் சிப்பி. துடுப்பை நீட்டுங்கள், அடிபட்டால் அது படட்டும்.

சரி, ஒரு கீறலுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்றொரு கிருமி வாழ்கிறது. காலரா கிருமியின் பங்காளி. காயம் வழியாக உள்ளே போனால், சிலருக்கு ஓரிரு நாளிலேயே தோலுக்கு அடியில் உள்ள சதையை அழுக வைத்துவிடும். இது அடிக்கடி வருவதில்லை. ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நீரிழிவு, கல்லீரல் நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களிடம்தான் அதன் ஆட்டம். இங்கேதான் எனக்குக் கவலை. 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரியவந்தது, மற்ற இனத்தாரைவிட அதிகம். பல ஆண்டு சர்க்கரையில் பாதம் மரத்துப்போனவருக்குச் சிப்பி கிழித்ததே தெரியாது. வீட்டுக்கு வந்து காலுறையில் ரத்தத்தைப் பார்த்தால்தான் உண்டு.

"சின்னக் கீறல்தான் டாக்டர், மஞ்சள் வச்சிருக்கேன்" என்றார் ஒருவர்.

"வலி எப்படிண்ணே இருக்கு?"

"அதுதான் புரியல. கீறல் இத்தனூண்டு, வலி தொடை வரைக்கும் போகுது."

மஞ்சளைக் கழுவி எடுக்கவே நேரமானது. அடியில் தோல் கருஞ்சிவப்பாக மினுமினுத்தது. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினேன். காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி, மணிக்கு மணி பரவும் சிவப்பு, ஊதா நிறக் கொப்புளம், காய்ச்சல், நடுக்கம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேனாவால் சிவப்பின் விளிம்பில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனால் அங்குள்ளவர்களுக்கு உதவியாக இருக்கும்.

கரையேறியதும் குடிநீராலும் சோப்பாலும் சேறு போகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரை இதற்கென்றே தனியாக எடுத்துப் போகலாம். மஞ்சள், காப்பித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். ஓட்டுத்துண்டு உள்ளே இருப்பதாகத் தோன்றினால் நோண்டாமல் வாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். விஷ முள் உள்ள கெளுத்தி வகையான செம்பிலாங் மீனின் முள் குத்தியிருந்தால் வைத்தியம் வேறு: பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அரை மணி நேரத்துக்குமேல் காலை ஊறவிட்டால் விஷ வலி தணியும். சூடு பதமா என்று மற்றவர் கையால் பார்க்கச் சொல்லுங்கள், மரத்த கால் வெந்துபோனாலும் சொல்லாது.

இனி, காயமே படாமல் இருக்க: முதலில் கால். இறுகக் கட்டிய, அடித்தளம் தடித்த ஷூ போதும். பழைய பள்ளிக்கூடச் சப்பாத்துகூடப் பரவாயில்லை. கடற்படையின் தேசிய ஹைட்ரோகிராஃபி மையம் ஆண்டுதோறும் நீரேற்ற அட்டவணை வெளியிடுகிறது. ஏறும் தண்ணீரோடு உள்ளே போய், அது உச்சம் தொடும் நேரத்தில் திரும்பிவிடுங்கள். ஆறாத புண் இருக்கிறவர்கள் அந்த வாரம் கரையில் இருந்து படம் எடுக்கலாம், தப்பில்லை.

அப்புறம், டாக்டரிடம் "கால் கீறிவிட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள். கண்டல் ஓடைத் தண்ணீரில் கீறியது என்று சொல்லுங்கள். வழக்கமாகத் தோல் காயத்துக்குக் கொடுக்கும் மருந்து விப்ரியோ கிருமிக்குப் போதாது. ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தாலும் ஓடைக்குப் போனதை மறக்காமல் சொல்லுங்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் அப்படித்தான் தாமதமாகத் தலைகாட்டும். நீங்கள் சொல்லாவிட்டால், டெங்கியா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடக்கூடும்.