வாஞ்சி எழுதிய 3000 பேர் எங்கே?

தருமபுரியிலிருந்து காலையில் பஸ் ஏறினால், பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். போன மாசம் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு போனேன். பிளஸ் டூ படிக்கிறான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்: "மாமா, இவர் பேச்ச ஆயிரக்கணக்கான பேர் கேட்டிருப்பாங்க. அத்தனை பேரும் வீட்டுக்குப் போயிட்டாங்க, ஒருத்தர் மட்டும் எப்படி துப்பாக்கி எடுத்தார்?"

நியாயமான கேள்விதான். 1908 மார்ச் 12 அன்று சிவாவும் வ.உ.சி.யும் கைதானார்கள், மறுநாள் திருநெல்வேலியே கொதித்தது, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது 1911 ஜூன் 17 அன்று. நடுவில் மூன்று வருஷம். கோபம் மட்டும்தான் காரணம் என்றால் அது அவ்வளவு நாள் தாங்காது, சீக்கிரமே ஆறிப்போகும். அதை ஆறவிடாமல் வைத்திருக்க ஒரு சின்ன அறை வேண்டும், நாலைந்து பேர் வேண்டும்.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை 1969-இல் மோஸ்கோவிச்சி, சவலோனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் பாரிஸில் சோதித்துப் பார்த்தார்கள். பள்ளி மாணவர்களைச் சின்னச் சின்னக் குழுவாக உட்காரவைத்து, பிரான்ஸ் தலைவர் ட கோல் பற்றியும் அமெரிக்கர்கள் பற்றியும் பேசவிட்டார்கள். ட கோலை ஓரளவு பிடித்திருந்த பையன்கள் பேசி முடித்தபோது அவரை இன்னும் பிடிக்கிறது என்றார்கள், அமெரிக்கர்களைக் கொஞ்சம் பிடிக்காதவர்களுக்கு இன்னும் பிடிக்காமல் போனது. ஒரே பக்கத்து நியாயம் திரும்பத் திரும்பக் காதில் விழுவது ஒரு காரணம். அப்புறம், மற்றவனைவிட நான் ஒரு படி மேல் என்று காட்டிக்கொள்ளும் ஆசை. மிதமாகப் பேசுகிறவனுக்கு அங்கே மதிப்பில்லை.

வயசும் சேர்ந்துகொள்கிறது. பக்கத்தில் கூட்டாளிகள் இருந்தால் பதின்வயதுப் பையன்கள் கார் ஓட்டும் கணினி விளையாட்டில் அதிகமாக ஆபத்தை இழுத்துக்கொள்கிறார்கள், பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை என்று 2005-இல் ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் எல்லாவற்றையும் மூளையின் மேல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. வாஞ்சிக்கு அப்போது 25 வயது, கல்யாணமானவர், புனலூரில் வனத்துறை வேலையில் இருந்தவர்.

'நீ வேண்டாம்' என்று ஒருவனை ஒதுக்குவது இன்னும் ஆழமாக வேலை செய்கிறது. பார்சிலோனாவில் மொராக்கோ வம்சாவளி இளைஞர்களைக் கணினியில் பந்து பிடித்து எறியும் விளையாட்டில் உட்காரவைத்து, சிலருக்கு மட்டும் பந்தே வராமல் செய்தார்கள். நம் ஊர் மைதானத்தில் ஒருத்தனுக்கு ஓவரே கொடுக்காமல் ஃபீல்டிங்கில் நிற்கவைப்போமே, அதே மாதிரி. அப்படி ஒதுக்கப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, முன்பு பேரம் பேசத் தயாராக இருந்த விஷயங்கள்கூட விட்டுக்கொடுக்க முடியாத புனித விஷயங்களைப் போலப் பதிவாகியிருந்தன.

போஸ்னியாவைச் சேர்ந்த செர்பியப் பையன் கவ்ரிலோ பிரின்சிப்பை இதோடு சேர்த்துப் பாருங்கள். 1912-இல் பால்கன் போருக்குப் போக வந்த பையனை, உடம்பில் தெம்பில்லை, ஆளும் குள்ளம் என்று செர்பிய மேஜர் ஒருவர் திருப்பி அனுப்பினார். இரண்டு வருஷம் கழித்து, 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில், ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது அதே பையன். வயது 19. இருபது நிறையாததால் தூக்கில் போட அந்த நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. 1918-இல் சிறையிலேயே காசநோயில் செத்தான்.

அறைக்குள் போனவன் திரும்பி வராமல் இருக்கப் பூட்டு ஒன்று வேண்டும். வாஞ்சி சேர்ந்திருந்த சங்கம் தென்காசியில் கூடியதைப் பற்றி அப்ரூவர் ஒருவர் கோர்ட்டில் சொன்னது: காளி படத்துக்கு முன்னால் குங்குமம் கரைத்த தண்ணீரை வெள்ளைக்காரன் ரத்தமாக நினைத்துக் குடித்தார்கள், விரலைக் கீறிக் காகிதத்தில் ரத்தரேகை வைத்தார்கள். ரேகை வைத்தவன் அதற்கப்புறம் விலகினால் கோழை என்ற பெயர்தான் மிஞ்சும், அதுவும் அந்த நாலைந்து பேர் முன்னால்.

வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் 3000 பேர் சபதம் எடுத்திருப்பதாக எழுதியிருந்தது. வழக்கில் கூண்டில் நின்றது 14 பேர். அவர் பொய் எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. சுற்றியிருக்கிற எல்லோரும் ஒன்றையே சொல்லும்போது ஊரே அப்படித்தான் நினைக்கிறது என்று தோன்றிவிடும்.

சரயேவோவில் ஆயுதத்தோடு காத்திருந்தவர்களில் 17 வயது வாசோ சுப்ரிலோவிச்சும் ஒருவன். இளவரசரோடு வந்த அவர் மனைவியைப் பார்த்ததும் பரிதாபமாக இருந்தது, அதனால் சுடவில்லை என்று விசாரணையில் சொன்னான். அறைக்குள் அவர்கள் பேசியதெல்லாம் சாம்ராஜ்யத்தைப் பற்றி. காரில் வந்ததோ தொப்பி போட்ட ஒரு பெண்.

"அப்ப வாஞ்சி கூட்டத்துல சத்தியம் வாங்கினவர் என்ன ஆனார்?" என்று பஸ்ஸில் திரும்பும்போது அக்கா பையன் கேட்டான். அவர் நீலகண்ட பிரம்மச்சாரி. ஆஷ் கொலையின்போது அவருக்கே 21 வயதுதான். ஏழு வருஷத் தண்டனை வாங்கினார். பிற்காலத்தில் சந்நியாசியாகி, சத்குரு ஓம்கார் என்ற பெயரில் நந்தி மலையில் இருந்து 1978-இல் காலமானார். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போய் பெங்களூரைத் தாண்டினால் அந்த மலைதான். அடுத்த லீவுக்கு அங்கே போகலாம் என்றான்.